ஒரு பாடல், இரண்டு குரல்கள்: ‘விஸ்கி ரிவர்’ ஒலிப்பதிவுகள்

அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பாடகர் வில்லி நெல்சன் ஏறத்தாழ அரை நூற்றாண்டாகத் தம் மேடை நிகழ்ச்சிகளை ‘விஸ்கி ரிவர்’ என்னும் பாடலைக் கொண்டே தொடங்கி வந்திருக்கிறார். அதன் முதல் தாளம் விழும்போது அவருக்குப் பின்னால் டெக்சஸ் மாநிலத்தின் ஒற்றை நட்சத்திரக் கொடி விரிவதும், அவர் வாய் திறப்பதற்கு முன்பே கூட்டம் ஆரவாரிப்பதும் அந்த நிகழ்ச்சிகளின் வழக்கமாகிவிட்டன. அதனால் பாடல் நெல்சனுடையது என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் அதை எழுதியவர்கள் ஜானி புஷ், பால் ஸ்ட்ரௌட் ஆகிய இருவர். முதன்முதலில் பாடி 1972-இல் இசைத்தட்டாக வெளியிட்டவர் புஷ். அந்த இசைத்தட்டு வானொலியிலும் விற்பனைப் பட்டியலிலும் ஏறிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் அவருடைய குரல் கெடத் தொடங்கியது. ஒரு பாடகருக்கு வாழ்நாளில் ஒருமுறை வாய்க்கக்கூடிய பாடலும், அவரைப் பாடவிடாமல் செய்த நோயும் ஒன்றாக வந்து சேர்ந்த இந்த வரலாற்றை அறியாமல் அந்தப் பாடலின் இரு முதன்மையான ஒலிப்பதிவுகளையும் சரிவர மதிப்பிட முடியாது.

பாடல் பிறந்த சூழலை முதலில் பார்க்க வேண்டும். கன்ட்ரி இசையில் ‘ஹாங்கி-டாங்க்’ என்று ஒரு பாணி உண்டு. நெடுஞ்சாலை ஓரங்களிலும் எண்ணெய் வயல்களை ஒட்டியும் இருந்த மலிவான குடிக்கூடங்களுக்கு வழங்கிய பெயரே அங்கு ஒலித்த இசைக்கும் பெயரானது. கிழக்கு டெக்சஸில் 1930-இல் பெரும் எண்ணெய்ப் படுகை கண்டுபிடிக்கப்பட்டதும், நாடு தழுவிய மதுவிலக்கு 1933-இல் நீங்கியதும், கையில் கூலிப் பணத்தோடு மாலைப்பொழுதைக் கழிக்க இடம் தேடிய தொழிலாளர்களுக்காக இத்தகைய கூடங்கள் பெருகின. அங்கே கூச்சல், சிரிப்பு, கண்ணாடிக் குவளைகளின் ஓசை ஆகிய எல்லாவற்றையும் மீறிப் பாட்டு கேட்க வேண்டியிருந்ததால், வீட்டுத் திண்ணையிலும் தேவாலயத்திலும் வளர்ந்த பழைய கிராமிய இசை தன் கருவிகளையே மாற்றிக்கொண்டது: மின்சாரக் கிதார் வந்தது, டிரம்ஸ் வந்தது, கம்பிகளின் மேல் உலோகத் துண்டை வழுக்கவிட்டு அழுவது போன்ற ஒலியை எழுப்பும் ஸ்டீல் கிதார் வந்தது. பாடுபொருளும் மாறியது. பிறந்த ஊரையும் அன்னையையும் பாடிய இசை, மணமுறிவையும் மதுவையும் இரவு மூடப்போகும் கூடத்தில் தனித்திருப்பவனையும் பாடத் தொடங்கியது.

டெக்சஸின் மதுச் சட்டத்தில் இங்குக் கருதத்தக்க ஒரு செய்தி இருக்கிறது. மதுவிலக்கு நீங்கிய பிறகும் அம்மாநிலத்தில் பொதுமக்கள் செல்லும் கூடங்களில் விஸ்கி போன்ற கடுமது வகைகளைக் குவளைக் கணக்கில் விற்கத் தடை நீடித்தது. 1970-இல் வாக்கெடுப்பின் மூலம் அரசியலமைப்பு திருத்தப்பட்டு, அடுத்த ஆண்டில் சட்டம் இயற்றப்பட்ட பின்னரே அந்தந்த வட்டார மக்களின் ஒப்புதலோடு அவ்விற்பனை அனுமதிக்கப்பட்டது. அதுவரை நடனக் கூடத்துக்குச் செல்பவர்கள் பீரை அங்கே வாங்கிக்கொள்ள முடிந்தாலும், விஸ்கிப் புட்டியைப் பழுப்புநிறக் காகிதப் பையில் சுற்றித் தாமே கொண்டுவந்து, பனிக்கட்டியையும் சோடாவையும் மட்டும் கூடத்தில் காசு கொடுத்து வாங்கிக் கலந்துகொண்டனர். புஷ்ஷும் நெல்சனும் இசை பழகியது இத்தகைய மேசைகளின் முன்னால்தான். பாடுபவரின் எதிரே அமர்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் புட்டியோடு வந்தவர்கள் என்பதை நினைவில் கொண்டால், விஸ்கியையே நதியாக்கி அதனிடம் முறையிடும் பாடல் அங்கே எப்படி விளங்கியிருக்கும் என்பது புரியும்.

குடியைப் பற்றிய கன்ட்ரி பாடல்களைக் குடியைப் போற்றும் பாடல்கள் என்று கொள்வது பரவலான தவறு. களியாட்டப் பாடல்கள் அவற்றுள் உண்டு என்றாலும், அந்த மரபின் உயர்ந்த படைப்புகளில் மது என்பது நினைவை அடக்குவதற்கான மருந்தாகவும், மருந்து பலிக்கவில்லை என்பதற்கான சான்றாகவுமே வருகிறது. வெப் பியர்ஸ் 1953-இல் பாடிய ‘தேர் ஸ்டாண்ட்ஸ் த கிளாஸ்’ இதற்கு முன்மாதிரியாக விளங்கியது. நிரம்பிய குவளை ஒன்றின் முன் அமர்ந்திருப்பவனின் சொற்களாக அமைந்த அந்தப் பாடலை ஒலிபரப்பச் சில வானொலி நிலையங்கள் மறுத்தபோதும், அது 12 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. மெர்ல் ஹாக்கார்டு 1966-இல் வெளியிட்ட ‘த பாட்டில் லெட் மீ டவுன்’ இன்னும் ஒரு படி மேலே சென்று, அன்றிரவு மதுவும் கைவிட்டுவிட்டதாகப் புட்டியையே குறைசொன்னது. ‘விஸ்கி ரிவர்’ இந்த வரிசையில் வந்தது. புஷ்ஷின் 1973-ஆம் ஆண்டு இசைத்தட்டுத் தொகுப்பின் தலைப்பிலேயே அவருடைய பாடலின் பெயரும் பியர்ஸ் பாடலின் பெயரும் இணைத்து அச்சிடப்பட்டன; தாம் எந்த மரபைச் சேர்ந்தவர் என்பதை அவர் வெளிப்படையாகவே உரிமை கொண்டாடினார் என்று அதைக் கொள்ளலாம்.

பாடலின் கட்டமைப்பு வியக்கத்தக்க அளவு சிறியது. திரும்பத் திரும்ப வரும் பல்லவி போன்ற பகுதி ஒன்று, அதற்கிடையே ஒரே ஒரு சரணம், அவ்வளவுதான். யார் பிரிந்தாள், ஏன் பிரிந்தாள், எத்தனை நாள் ஆயிற்று என்ற கதை எதுவும் அதில் இல்லை. பாடுபவன் மனிதர் எவரையும் விளிக்காமல் விஸ்கி நதியையே விளித்து, தன் மனத்தை அடித்துச் செல்லும்படியும் அவளுடைய நினைவின் வதையிலிருந்து தன்னைக் காக்கும்படியும் வேண்டுகிறான். சரணத்தில் தான் அந்த ஆற்றில் மூழ்கிக்கொண்டிருப்பதையும், பொன்னிற நீரோட்டம் அவள் குளிரவிட்டுப் போன நெஞ்சைச் சூடாக்குவதையும் சொல்கிறான். அதாவது காப்பாற்றும்படி அவன் கேட்பது தன்னை மூழ்கடித்துக்கொண்டிருக்கும் ஒன்றிடமே. இந்த முரண்பாட்டை விளக்கிச் சொல்லாமலும் நீதி எதையும் கூறாமலும் பாடல் மீண்டும் தொடக்கத்துக்கே போய்விடுகிறது. கதை இல்லாத காரணத்தால் யார் வேண்டுமானாலும் தம் கதையை அதில் வைத்துப் பாட முடிகிறது. அதன் நீண்ட ஆயுளுக்கு இதுவே அடிப்படைக் காரணம் எனலாம்.

ஜானி புஷ் 1935-இல் ஹூஸ்டன் நகரில் பிறந்தவர். இயற்பெயர் ஜான் புஷ் ஷின். அறிவிப்பாளர் ஒருவர் தவறாகச் சொன்ன பெயரே மேடைப் பெயராக நிலைத்தது. சான் அன்டோனியோவின் கூடங்களில் 1950-களில் வாசித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு வில்லி நெல்சனின் நட்பு கிடைத்தது. பின்னர் அவர் ரே பிரைஸின் ‘செரோக்கி கௌபாய்ஸ்’ குழுவில் டிரம்ஸ் வாசித்தார். நெல்சனும் அதே குழுவில் பேஸ் கிதார் வாசித்தவர். பிரைஸ் 1956-இல் வெளியிட்ட ‘கிரேசி ஆர்ம்ஸ்’ பாடலின் மூலம் ‘ஷஃபிள்’ எனப்படும் நடையைப் புகழடையச் செய்தவர்: நான்கு அடிகளிலும் பேஸ் கிதார் இடைவிடாது நடந்துசெல்ல, மேலே டிரம்ஸ் ஒரு துள்ளலைச் சேர்க்க, நடனக் கூடத்தில் கால்கள் தாமே நகரும்படி அமைந்த தாளம் அது. அந்தப் பள்ளியில் புஷ் தாளத்தைக் கற்றார் என்றால், குரலைப் பொறுத்தவரை இயற்கையே அவருக்கு வேறு எவருக்கும் இல்லாத வளத்தைக் கொடுத்திருந்தது. மேல் ஸ்தாயிக்குச் சிரமமின்றி ஏறி, அங்கே சுருதி பிசகாமல் நீண்ட கார்வை கொடுத்து நிற்கக்கூடிய குரல் அது. இத்தாலிய ஆபரா பாடகரின் பெயரையொட்டி ‘கன்ட்ரி கரூசோ’ என்று அவரை அழைத்தனர். அவருடைய முதல் இசைத்தட்டுத் தொகுப்புக்குப் பணம் கொடுத்து உதவியவர் நெல்சன். 1968-இல் நெல்சன் பங்கெடுத்து எழுதிய ‘அன்டூ த ரைட்’ பாடலும், 1969-இல் மார்ட்டி ராபின்ஸ் எழுதிய ‘யூ கேவ் மீ எ மவுன்டன்’ பாடலும் புஷ்ஷின் குரலில் கன்ட்ரி பட்டியலின் முதல் பத்து இடங்களுக்குள் வந்தன.

இந்த வெற்றிகளைப் பார்த்து ஆர்.சி.ஏ. என்னும் பெரிய நிறுவனம் 1972-இல் அவரை ஒப்பந்தம் செய்தது. அங்கு வெளியான ‘விஸ்கி ரிவர்’ கன்ட்ரி பட்டியலில் 14-ஆம் இடம் வரை சென்றது. அந்தப் பதிவைக் கேட்பவர் முதலில் உணர்வது குரலின் உயரத்தைத்தான். பல்லவியில் நதியை விளிக்கும் இடத்தில் புஷ் சொல்லைச் சுருக்கிவிடாமல் உயிரெழுத்தைத் திறந்து நீட்டுகிறார். நீட்டிய ஒலி தளராமல், இறுதியில் மட்டும் ஒரு நடுக்கத்தோடு இறங்குகிறது. இடையிடையே ஸ்டீல் கிதார் அதே ஏக்கத்தை எடுத்துக்கொண்டு தொடர்கிறது. இங்கே பாடுபவன் உண்மையிலேயே வேண்டுகிறான். கேட்கும் வரம் கிடைக்காது என்று தெரிந்தும் குரலை உயர்த்திக் கேட்கிறான். குடிப் பாடல்களில் குரலைக் குழறவைத்துக் குடிமயக்கத்தை நடித்துக் காட்டும் வழக்கம் சில பாடகர்களிடம் உண்டு. புஷ் அதைச் செய்யவே இல்லை. ஒவ்வொரு சொல்லும் தெளிவாக, நேராக வந்து விழுகிறது. வேதனை மயக்கத்தில் இல்லை, தெளிவில் இருக்கிறது என்ற அறிவுதான் இப்பதிவின் பெருமை.

அந்தக் குரலுக்கு நேர்ந்ததை மருத்துவம் இன்று ‘ஸ்பாஸ்மோடிக் டிஸ்ஃபோனியா’ என்று அழைக்கிறது. பேசும்போது மூச்சுக் காற்றில் அதிர வேண்டிய குரல்நாண்கள், மூளையிலிருந்து வரும் தவறான கட்டளையால் தம்மையறியாமல் இறுகி ஒன்றோடொன்று மோதிக்கொள்ள, குரல் நெரிக்கப்பட்டதுபோல் திக்கித் திக்கி வெளிவரும் நரம்பியல் கோளாறு அது. பெரும்பாலும் நடுவயதில் தோன்றுவது. குரல்நாண்களைச் சோதித்துப் பார்த்தால் கட்டியோ புண்ணோ தென்படாது. அதனாலேயே 1871-இல் ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் டிராவ்பே இதைப் பதிவுசெய்த நாள் முதல் ஒரு நூற்றாண்டுக் காலம் இது மனநோய் என்றே கருதப்பட்டு, நோயாளிகள் மயக்க மருந்துகளோடும் அறிவுரைகளோடும் திருப்பி அனுப்பப்பட்டனர். புஷ்ஷும் அந்த இருண்ட காலத்தின் கடைசிப் பகுதியில் அகப்பட்டுக்கொண்டார். மேல் ஸ்தாயி போயிற்று. ஒருநாள் வந்த சுரம் மறுநாள் வராமல் போயிற்று. மேடையில் மட்டுமன்றிச் சாதாரணப் பேச்சிலும் தொண்டை அடைத்தது. சமயப்பற்றுள்ள சூழலில் வளர்ந்த அவர், தம் ஒழுக்கக் கேடுகளுக்காகக் கடவுள் தந்த தண்டனை இது என்றே நம்பி அஞ்சியதைப் பிற்காலத்தில் மனம்திறந்து கூறினார். 1974-இல் ஆர்.சி.ஏ. அவரைக் கைவிட்டது. நோய்க்குச் சரியான பெயர் கிடைத்ததே 1978-இல்தான்.

இனி நெல்சனின் பக்கம் பார்க்கலாம். புஷ் ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்குள் நுழைந்த நாட்களில் நெல்சன் அதிலிருந்து வெளியேறிக்கொண்டிருந்தார். நாஷ்வில் நகரின் ஒலிப்பதிவுக் கூடங்கள் அப்போது வயலின் கூட்டங்களையும் பின்பாட்டுக் குழுக்களையும் சேர்த்து மெருகேற்றிய ஒரு பாணியையே விரும்பின. நெல்சனின் மூக்கொலி கலந்த குரலும் தாளத்தோடு ஒட்டாததுபோல் தோன்றும் சொற்போக்கும் அதில் பொருந்தவில்லை. 1970-ஆம் ஆண்டின் இறுதியில் நாஷ்வில் அருகிலிருந்த அவருடைய வீடு தீப்பற்றி எரிந்தபின் அவர் டெக்சஸுக்குத் திரும்பி, 1972-இல் ஆஸ்டினில் குடியேறினார். அங்கே நீண்ட முடி வளர்த்த இளைஞர்களும் தொப்பியணிந்த பண்ணைத் தொழிலாளர்களும் ஒரே அரங்கில் கூடத் தொடங்கியிருந்தனர். கறுப்பின மக்களின் சோல், ரிதம் அண்ட் புளூஸ் இசையில் பெயர்பெற்ற அட்லான்டிக் நிறுவனம் கன்ட்ரி பிரிவு ஒன்றைத் தொடங்கி அவரை அழைத்தது. 1973 பிப்ரவரியில் நியூயார்க்கில் பதிவாகி அவ்வாண்டே வெளியான ‘ஷாட்கன் வில்லி’ தொகுப்பில் ‘விஸ்கி ரிவர்’ இடம்பெற்றது.

புஷ்ஷின் பதிவுக்கும் இதற்கும் இடையே ஓராண்டுகூட இல்லாவிட்டாலும், பாடல் வேறு பிறவி எடுத்ததுபோல் மாறிவிடுகிறது. புஷ் நீட்டிய இடங்களில் நெல்சன் வெட்டுகிறார். புஷ் உயர்ந்த இடங்களில் அவர் பேச்சுக்கு அருகிலேயே நின்றுவிடுகிறார். கருநாடக இசையில் தாளம் விழுமுன் பாட்டைத் தொடங்குவதை அதீத எடுப்பு என்றும் விழுந்தபின் தொடங்குவதை அநாகத எடுப்பு என்றும் சொல்வதுண்டு. நெல்சன் ஏறக்குறைய ஒவ்வொரு அடியிலும் இவ்விரண்டையும் மாற்றி மாற்றிக் கையாண்டு, சொற்களைத் தாளத்துக்கு முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே போகிறார். அடியில் புளூஸ் சாயல்கொண்ட அழுத்தமான தாளம் ஓடுகிறது. வேண்டுதலின் இடத்தை ஒருவகை ஒப்புதல் பிடித்துக்கொள்கிறது: ஆறு அடித்துக்கொண்டு போகிறது, போகட்டும் என்னும் மனநிலை.

நெல்சனின் கிதாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1969-இல் ஹெலோட்டஸ் என்னும் டெக்சஸ் ஊரில் குடிபோதையிலிருந்த ஒருவர் அவருடைய பழைய கிதாரை மிதித்து உடைத்துவிட, அதிலிருந்த ஒலிவாங்கியை நாஷ்வில்லைச் சேர்ந்த கருவிக் கைவினைஞர் ஷாட் ஜாக்சன் கழற்றி, மார்ட்டின் நிறுவனத்தின் நைலான் கம்பி கிதார் ஒன்றில் பொருத்திக் கொடுத்தார். நைலான் கம்பி என்பது மேற்கத்தியச் செவ்வியல் கிதாருக்கு உரியது. அதை நெல்சன் பிளாஸ்டிக் மீட்டுவில்லையால் தட்டி வாசித்ததால், பலகையின் மேற்பகுதி தேய்ந்து கம்பிகளுக்கு அடியில் இரண்டாவது துளையே விழுந்துவிட்டது. ‘டிரிகர்’ என்று அவர் பெயரிட்ட அந்தக் கிதாரின் உலர்ந்த, சற்றே கரகரத்த நாதத்தை இன்று அவரிடமிருந்து பிரிக்கவே முடியாது.

பாடலை மக்களிடம் நிலைநாட்டியது மேடைப் பதிவுதான். நெவாடாவின் டாஹோ ஏரிக்கரைக் கசினோ ஒன்றில் 1978 ஏப்ரலில் பதிவான ‘வில்லி அண்ட் ஃபேமிலி லைவ்’ என்னும் இரட்டைத் தொகுப்பு ‘விஸ்கி ரிவர்’ பாடலோடு தொடங்குகிறது. முடிவை ஒட்டி அது மீண்டும் வருகிறது. அப்போது அவருடைய குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர் இருவர், பேஸ் கிதார் வாசிப்பவர் இருவர். இவர்களின் இடிபோன்ற அடித்தளத்தின் மேல் மிக்கி ராஃபேலின் ஹார்மோனிகாவும் நெல்சனின் அக்காள் பாபியின் பியானோவும் ஏறிவருகின்றன. தனித்தட்டாக வெளியானபோது இது 12-ஆம் இடத்தைத் தொட்டது. புஷ்ஷின் மூலப் பதிவைவிட இரண்டு இடங்களே மேல் என்றாலும், பாடல் யாருடையது என்னும் பொது நினைவு இதற்குப் பிறகு மாறிப்போனது. அதே காலகட்டத்தில் நெல்சன் விஸ்கியையும் சிகரெட்டையும் விட்டுவிட்டுக் கஞ்சாவுக்கு மாறினார் என்பது அவரே பலமுறை சொன்ன செய்தி. அதன்பின் பாடல் அவருக்குச் சொந்த அனுபவத்தின் முறையீடு அல்ல; கூட்டத்தையும் குழுவையும் ஒரே தாளத்தில் இணைக்கும் தொடக்கச் சடங்கு.

இதைக் குறை என்று சொல்லிவிட முடியாது. ஆயிரக்கணக்கானோர் ஒன்றாகக் கூவிப் பாடும்போது தனிமனிதத் துயரம் பொதுவான களிப்பாக மாறுவது எந்த நாட்டு இசையிலும் காணக்கூடியதே. நெல்சனின் பதிவு இல்லாதிருந்தால், பழைய இசைத்தட்டுகளைத் தேடுவோர் சிலரைத் தவிர வேறு எவரும் இந்தப் பாடலை அறிந்திருக்க மாட்டார்கள். பாடலை எழுதியவர்களுக்கு ஒவ்வொரு விற்பனையிலும் ஒலிபரப்பிலும் உரிமத்தொகை சேர்வது வழக்கமாதலால், பாட முடியாத நண்பருக்கு அவருடைய பாடலைப் பாடியே நெல்சன் துணைநின்றார் என்பதும் உண்மை. ஆயினும் கலை என்ற அளவில் இரண்டையும் அருகருகே வைத்துக் கேட்டால், அந்தச் சொற்களுக்கு முழு விலை கொடுத்தது 1972-ஆம் ஆண்டுப் பதிவுதான் என்று துணிந்து சொல்லலாம். நெல்சன் பாடும்போது ஆறு நம்மை ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. புஷ் பாடும்போது அதன் ஆழம் தெரிகிறது.

புஷ்ஷின் கதை 1978-இல் முடிந்துவிடவில்லை. 1980-களின் நடுவில் கேரி காட்டோனா என்னும் குரல் பயிற்சியாளரிடம் கடும் பயிற்சி செய்து குரலின் பெரும்பகுதியை மீட்டார். அதே பத்தாண்டில் மருத்துவ உலகம் போட்டுலினம் நச்சை மிக நுண்ணிய அளவில் குரல்நாண் தசையில் செலுத்தி இறுக்கத்தைத் தளர்த்தும் முறையைக் கண்டறிய, பின்னாளில் அவருக்கு அந்தச் சிகிச்சையும் கைகொடுத்தது. அதன் பயன் சில மாதங்களே நீடிக்கும். மீண்டும் மீண்டும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். தமக்கு நேர்ந்ததை மறைக்காமல் பொதுவெளியில் பேசி, அதே நோயுடையவர்களுக்குத் தங்கள் நிலையை அடையாளம் கண்டுகொள்ள உதவினார். 2003-இல் டெக்சஸ் கன்ட்ரி இசைப் புகழ்மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. 2007-இல் வெளியான தம் வாழ்க்கை வரலாற்று நூலுக்கும் இந்தப் பாடலின் பெயரையே சூட்டினார். இளைய குழுக்கள் அவரைத் தேடிவந்து உடன் வாசித்தன. சான் அன்டோனியோவில் 2020 அக்டோபரில் 85-ஆம் வயதில் காலமாகும் வரை, டெக்சஸ் நடனக் கூடங்களில் அவர் ஏறிய மேடைகளில் இந்தப் பாடலைக் கேட்காமல் மக்கள் அவரை இறங்கவிட்டதில்லை.

நெல்சனின் பதிவை மட்டும் அறிந்தவர்கள் புஷ்ஷின் ஆர்.சி.ஏ. பதிவைத் தேடிக் கேட்பது நல்லது. அதுவும் நெல்சனின் மேடைப் பதிவுக்குப் பிறகு, பல்லவியில் வரும் அந்தக் கார்வைகளுக்குச் செவிகொடுத்துக் கேட்க வேண்டும். பாடிய சில மாதங்களிலேயே அவராலும் மறுபடி எட்ட முடியாமல் போன உயரம் அந்த இசைத்தட்டில் பழுதின்றிப் பதிவாகியிருக்கிறது.